மாடியின் வெக்கை

மடத்துவெளியில் காணிக்குப் பஞ்சமில்லை. வெளிநாடு போனவர்களின் வளவுகளில் பனை வடலி வளர்ந்து காடாகிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில்தான் ஊர்ச் சங்கக் கட்டடத்தை மாடியாகக் கட்டினார்கள். கீழ் மண்டபம் கனடாக்காரர் ஒருவர் தாயின் நினைவாகக் கட்டியது. சுவிஸிலிருந்த ஜெகதீஸ் தன் தகப்பன் பேரிலும் ஒன்று வேண்டும் என்றார். பக்கத்தில் கட்டினால் அப்பாவின் பேர் றோட்டுக்குத் தெரியாது என்று அந்த மண்டபத்தின் தலையிலேயே மாடியை ஏற்றினார்.

மாடியில் பாலர் பாடசாலை நடத்தச் சங்கத்தார் கேட்டபோது கேதீஸ்வரி உடனே ஓம் என்றாள். இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய காலத்திலிருந்து வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தவள் அவள். கலியாணம் சரிவரவில்லை. வேறு வேலையும் கிடைக்கவில்லை. ‘ரீச்சர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவளுக்கு மாடிப் பள்ளிக்கூடம் பெருமையாகத்தான் இருந்தது.

மாசி கழிந்ததும் பெருமை அவிந்துபோனது. கூரை தகரம். வெயில் ஏறினால் அந்தக் கொதிப்பு நேரே பிள்ளைகளின் உச்சந்தலையில் இறங்கும். கீழ் மண்டபமோ குளிர்ந்து கிடக்கும். வெயிலையெல்லாம் மாடி வாங்கிக்கொள்வதால் வந்த குளிர் அது. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தால்தான் மண்டபத்தைத் திறப்பார்கள்.

அவள் சங்கச் செயலாளரிடம் போனாள்.

“தயாபரன் அண்ணை, பிள்ளையள் மேல அவியுதுகள். கீழ் மண்டபத்தைத் திறந்து விடுங்கோவன்.”

“என்னால முடிவெடுக்க ஏலாது ரீச்சர். தலைவருக்குச் சொல்லுறன்.”

அவர் தலைவரிடம், “ரீச்சருக்கு மேல கொஞ்சம் வெக்கையாம்” என்றார். தலைவர் சுவிஸுக்குப் போன் எடுத்து, “ரீச்சர் ஃபான் ஒண்டு கேக்கிறா” என்றார். படி ஏற ஏற அவளுடைய சொல்லின் சூடு ஆறிக்கொண்டே போனது.

ஃபான் வந்தது. இறகுகளில் ஜெகதீஸின் தகப்பன் பேர் எழுதியிருந்தது. சுற்றும்போது வாசிக்க முடியாது. தகரத்தடிச் சூட்டை அள்ளி அது கீழே இறைத்தது.

சித்திரையில் ஒருநாள் இந்துஜா என்ற சின்னப் பிள்ளை மயங்கிச் சரிந்தாள். அன்று ஜெகதீஸ் வருகிறார் என்று கீழ் மண்டபத்தைத் திறந்து கழுவியிருந்தார்கள். கேதீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்களும் அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். குளிர்ந்த சீமெந்து நிலத்தில் இந்துஜா கண் திறந்தாள்.

அப்போதுதான் வாசலில் வான் வந்து நின்றது.

“அப்பான்ர மாடியில ஒரு பிள்ளையும் இல்லையே?” ஜெகதீஸ் தயாபரனைத்தான் கேட்டார்.

“பிள்ளை மயங்கி விழுந்திட்டுது அண்ணை. ஒருக்கா மேல போய் இருந்து பாருங்கோ,” என்றாள் கேதீஸ்வரி.

“காலமை சாப்பிடாமல் வந்திருக்கும்,” என்றார் தயாபரன்.

ஜெகதீஸ் மேலே போனார். தகப்பன் படத்துக்கு மாலை போட்டு, அதன் கீழே நின்று படம் எடுப்பித்தார். இறங்கி வந்தபோது சேட் உடம்போடு ஒட்டியிருந்தது. இனித் தான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று கேதீஸ்வரி நினைத்தாள்.

“சும்மா சொல்லக்கூடாது, சரியான வெக்கைதான்,” என்று அவர் முகத்தைத் துடைத்தார். “தயாபரன், கீழ ஏசி ஒண்டு பூட்டுவம். மேல போயிட்டு வாறாக்கள் இருந்து ஆறலாம்.”

மேலிருந்து இறங்கிய சொல் ஆறவேயில்லை. அந்தக் கிழமையே ஏசி வந்தது. கூடவே இன்னொரு சொல்லும் வந்தது: பிள்ளைகள் மாடியில்தான் படிக்க வேண்டும்; ஏலாது என்றால் வேறு ரீச்சர் பார்ப்போம்.

விறாந்தைக்கே திரும்பலாமா என்று தாய்மாரிடம் கேட்டுப் பார்த்தாள். மாடியை விட்டு விறாந்தைக்கு வர ஒருவருக்கும் விருப்பமில்லை. இந்துஜாவின் தாய் மட்டும் பிள்ளையை அனுப்புவதையே நிறுத்திவிட்டாள்.

கட்டடத்தில் வெக்கை உச்சியில் இருப்பவருக்கு. சங்கத்தில் அது அடியில் இருப்பவருக்கு. கேதீஸ்வரிக்கு இரண்டும் வாய்த்திருந்தது.

மிச்சப் பிள்ளைகளோடு அவள் படியேறினாள். ஏசியின் வெளிப்பெட்டியை மாடி யன்னலுக்குக் கீழே பூட்டியிருந்தார்கள். கீழே யாரோ விருந்தாளி வந்திருக்க வேண்டும், பெட்டி உறுமியது. மண்டபத்திலிருந்து கறந்த சூடெல்லாம் யன்னலால் வந்து பிள்ளைகளின் முகத்தில் அடித்தது.

“ரீச்சர், சுடுது,” என்றான் ஒருவன்.

அவள் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினாள்.