ரீச்சர் வீட்டுப் பனை

அடுத்தவர் வீட்டு வளவில் மரம் வைத்துக் கொடுக்கிறவனுக்கு மரத்தால் ஒரு தொல்லையும் இல்லை, வளவுக்காரரால்தான் எல்லாம். இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

எனக்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவல். பகலில் நித்திரை வராது. வராத நித்திரையில் நானாகப் பார்த்துப் பழகியதுதான் மரம் வைப்பது. நிலாவெளியில் புதுவீடு கட்டிய பள்ளிக்கூட ரீச்சர் வாசல் கேற்றடிக்குப் பனை கேட்டா. அது எழும்பினால் ஒழுங்கைச் சனம் முழுக்க என்னைக் கூப்பிடும், இரவு வேலையை விட்டுவிடலாம் என்று மனிசிக்குச் சொல்லி வைத்தேன்.

தண்ணீர்

பனையைக் கன்றாகப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அருமை. கொட்டையை, மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே புதைக்க வேணும். ஒன்று தவறினாலும் ஒன்று வருமென்று நாலைந்தைப் புதைத்து, "மாரி மழை வரும், தண்ணி விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த கிழமை போனால் ரீச்சர் குழாயோடு நிற்கிறா, கேற்றடி முழுக்கச் சேறு.

"விடவேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ, ரீச்சர்?"

"வெயிலுக்க கிடக்கிறதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால ஏலாது, தம்பி."

வெறும் மண்

பனை முதலில் கீழேதான் இறங்கும். மேலே இலை காட்ட மாதக்கணக்காகும். ரீச்சரின் கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர், காலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகையில் கையைக் காட்டி மறிப்பார்.

"தம்பி, நீர் இரவில காக்கிற இடத்திலயாவது உள்ளுக்க சாமான் இருக்குதோ?"

தட்டு

மாரி கழிந்து ஒருநாள் ரீச்சர் போன் எடுத்தா. "உங்கட பனை அருமை, வாங்கோ." இலை விட்டுவிட்டதாக்கும் என்று மனிசியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

கேற்றடியில் குழிகள். உள்ளே தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் தட்டில், ஆவி பறக்க, அவித்த பனங்கிழங்கு. முளைத்ததோ என்று பார்க்கத்தான் தபால்காரர் தோண்டினாராம். கிழங்கைக் கண்டபிறகு திரும்ப மூட யாருக்கு மனம் வரும்? நான் குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனிசி நார் உரித்து இரண்டாவதையும் தின்றுகொண்டிருந்தா. ரீச்சர் என் தோளைத் தட்டினா.

"ஒழுங்கையில எல்லாரும் உங்களைத்தான் கேக்கினம், தம்பி. அவையளுக்கும் கிழங்குக்குப் போட்டுக் குடுங்கோவன்."

வறட்சியையும் உப்புக்காற்றையும் தாங்குகிற மரம் எங்கள் சனத்தின் தேத்தண்ணி நேரத்தை மட்டும் தாங்கவில்லை, நான் வழமைபோல இரவு வேலைக்குப் போனேன்.