அத்தானின் பாலைக்காடு

அத்தானிடம் ஒரு வெள்ளைக் கயிறு இருந்தது. பனிமலை ஏறுவதற்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது. அவர் காட்டுக்குப் போனதும் அக்கா அதை வேலிக்கும் கிணற்றடி வேம்புக்கும் இடையில் இழுத்துக் கட்டி உடுப்புக் காயப்போடுவாள். மனித உயிரைத் தாங்கிய கயிற்றில் என் பாவாடையும் அவருடைய சாரமும் ஆடிக்கொண்டிருக்கும். பின்னேரம் சைக்கிள் மணி கேட்டால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடுவோம். அத்தானுக்குத் தெரியாமலா இருக்கும்? "கயிறு சவர்க்காரம் மணக்குது" என்று மட்டும் சொல்வார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டமொன்றில் எனக்குப் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. அக்காவும் அத்தானும் அங்கேயே இருந்ததால் அவர்களோடு தங்கினேன். அத்தான் அரசாங்கத்துக்காகக் காடுகளை ஆராய்பவர். வட இந்தியாவில் காட்டியல் படிக்கப் போனவர், மலையேறும் பைத்தியத்தையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வன்னியோ தட்டை நிலம். ஏறுவதற்குக் குளக்கட்டை விட்டால் வேறொன்றும் கிடையாது. ஆகவே கயிற்றைக் கட்டிக்கொண்டு மரம் ஏறினார். மலையில்லாத ஊரில் அவருக்கு 'மலையேறி' என்று பட்டம் வைத்தார்கள்.

அவர் ஏறியது பெரும்பாலும் பாலை மரங்களில். குளத்துக்கு மேற்கே, மழைநீர் வந்து சேரும் பக்கமாக, பெரிய பாலைக்காடு ஒன்று நின்றது. வன்னியில் பாலை என்றால் மரம்தான். கோடரி வாயை மழுக்கும் வைரம். ஆடி மாதத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பழம். எந்தப் பூ காய்க்கிறது, எந்தக் கன்றை மான் கடிக்கிறது என்று பார்ப்பதே அத்தானின் வேலை. "வெட்டினா வெட்டினதுதான். திரும்ப இது வளர நாங்கள் ஒருத்தரும் இருக்கமாட்டம்" என்பார். புதிதாக வருகிற குடும்பங்களுக்கு வீட்டுக்காணி வேண்டும், அந்தக் காட்டை வெட்டுவதா விடுவதா என்ற பேச்சு அப்போதே தொடங்கியிருந்தது. அதைக் காப்பாற்றிவிட வேண்டுமென்பதே அத்தானின் ஒரே எண்ணம்.

ஒரே எண்ணம் என்றா சொன்னேன்? இன்னொன்றும் இருந்தது. கூடப் படித்த சிநேகிதர்கள் இமயத்துக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நோயில் விழ, அந்த இடத்துக்கு அத்தானைக் கூப்பிட்டார்கள். நாற்பதை நெருங்குகிறவருக்கு இனி அப்படியொரு அழைப்பு வரப்போவதில்லை. ஆனால் காணிக் கூட்டமும் அந்த மாதங்களிலேயே வரும் போலிருந்தது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். அக்காதான் சொன்னாள்: "போயிட்டு வாங்கோ. காடு எங்கை ஓடப்போகுது? கூட்டம் வைச்சா நான் போய்ச் சொல்லுறன்." அவர் முகம் சின்னப்பிள்ளையின் முகம் போலானது.

கூட்டம் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து மகனோடு வந்து குடியேறியிருந்த பண்டிதர் பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தார். அவ்வளவு ஆம்பிளைகளுக்கு நடுவில் அக்கா எழுந்து நின்று, "அது பாலைக்காடு. அதிலை கைவைக்க வேண்டாமெண்டு இவர் சொல்லச் சொன்னவர்" என்றாளாம். பண்டிதர் அதிகாரியின் காதுக்குள் ஏதோ சொல்ல, அவரும் அக்காவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாராம். "சொல்லிப்போட்டன், அவர் ஓமெண்டிட்டார்" என்று அக்கா பூரித்துப்போய் வீடு வந்தாள். அன்று பாயசம் வைத்தோம்.

சில கிழமைகள் கழித்துக் கோடரிச் சத்தம் கேட்டது. அக்கா தலைவிரிகோலமாக ஓடினாள். மேற்பார்வைக்காரர் தன்னிடம் உத்தரவு இருக்கிறது என்றார். அத்தானுக்குத் தந்தி அடிக்கலாமென்றால் மலைக்கு ஏது விலாசம்?

மூக்குத் தோல் உரிந்து, உச்சியைத் தொட்ட சந்தோஷத்தோடு அத்தான் பரந்தனில் பஸ்ஸால் இறங்கி மாட்டுவண்டியில் வந்தார். குளக்கட்டுக்கு வந்தபோது சூரியன் நிலத்தில் இறங்குவதைக் கண்டாராம். அந்தக் கட்டில் நின்று அதை யாரும் முன்பு கண்டதில்லை, காடு மறைக்கும். வீட்டுக்கு வந்து, "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் அதிகாரியைத் தேடிப் போனார். "அது வறண்ட வெறுநிலம், அதில் மினக்கெட வேண்டாமென்று உங்கள் மனைவிதானே சொன்னார்" என்று அவர் ஆச்சரியப்பட்டாராம். விளையாத நிலமானால் வீட்டுக்காணிக்குத்தான் உதவும் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை?

பண்டிதர் கேள்விப்பட்டு வந்து படலையடியில் நின்றார். "தம்பி, பாலையெண்ட உடனை எனக்கு வாயிலை ஐந்திணைதான் வந்தது. குறிஞ்சி, முல்லை, பாலை... மரம் நினைவிலை வரேல்லை." ஒவ்வோர் ஆடியும் பாலைப்பழம் வாங்கித் தின்ற வாய்தான் அது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அத்தான் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அக்கா குசினியை விட்டு வெளியே வரவேயில்லை.

அங்கே குடியேறியவர்களை நான் நோகமாட்டேன். அவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அரிவரி படிப்பித்தேன். ஆனால் மேட்டு மண் மாரிக்கு மாரி கரைந்து குளத்துக்குள் இறங்கியது. இன்று அந்தக் குளத்தில் சித்திரைக்கு முன்னரே மாடுகள் மேய்கின்றன. அத்தான் மலைப்பக்கம் பிறகு போகவில்லை. கூப்பிட்டார்கள், முழங்கால் சரியில்லை என்றார். அதே முழங்காலோடு காடெல்லாம் நடந்தார்.

அத்தான் ஓய்வுபெற்று ஓமந்தையில் இருந்தபோது, நான் போயிருந்த ஒரு பின்னேரம் அக்கா கேட்டாள். அத்தனை வருஷங்களும் அவள் கேட்காத கேள்வி.

"உச்சியிலை நிண்டு என்னத்தை நினைச்சனீங்கள்?"

அத்தான் யோசிக்கவே இல்லை. "சுத்திவர ஒரு பச்சை இல்லை. குருவிச் சத்தம்கூட இல்லை. இனிப் போதும், வீட்டை போய் எங்கடை பாலைக்குள்ளை கொஞ்சநேரம் இருப்பம் எண்டு நினைச்சன்."

அவர் அங்கே அப்படி நினைத்துக்கொண்டு நின்றபோது இங்கே மரங்கள் விழுந்துகொண்டிருந்திருக்கும். எனக்கு உறைத்தது. அக்காவுக்கும் உறைத்திருக்க வேண்டும். எழுந்து குசினிக்குள் போனவள், விளக்கு வைக்கிற நேரமாகியும் வெளியே வரவில்லை.