அரை ஏரியல் பிக்கப்

பழைய ரிமோட் கார் திருத்துகிற தொழிலில் பெரிய சங்கடம் எதுவென்றால், கொண்டுவருகிற யாருமே அது தன்னுடைய கார் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மகனுக்கு என்பார்கள், மருமகனுக்கு என்பார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டு அழுதது என்பார்கள். பெயின்ட் உரிந்து, டயர் வெடித்து, பற்றரி கசிந்து கிடக்கிற அந்தக் காலத்துக் காரைக் கேட்டு எந்தப் பிள்ளை அழும், சொல்லுங்கள்! இருந்தாலும் நான் நம்பியதுபோலத் தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொள்வேன்.

பதுளை கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்கு மின்சாமான் கடை. அதன் பின்மூலையில் ஒரு மேசையும் விளக்கும் என்னுடையவை. அப்பா ரேடியோ திருத்தியவர். அவர் பக்கத்தில் இருந்து சின்ன வயதிலேயே ஈயம் பற்றவைக்கப் பழகிவிட்டேன். ரேடியோ கொண்டுவருகிற ஆட்கள் குறைந்தபோது இந்தக் கார்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டன. பழுதானதைத் தேடி வாங்குவேன், திருத்துவேன், ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பேன், விற்க மனசு வராமல் அலமாரியில் அடுக்குவேன். அலமாரி நிறைந்து இப்போது கட்டிலுக்கடியிலும் கார்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பைத்தியம் இருந்தால், அல்லது அந்தப் பைத்தியமே நீங்கள்தான் என்றால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஆண்டு ஐந்து

ஒரு பாடசாலை அதிபர். மனிதர் இன்னும் பதவியில் இருப்பதால் பெயர் வேண்டாம். செய்தித்தாளில் சுற்றி ஒரு சிவப்புப் பந்தயக் காரைக் கொண்டுவந்து, "மாணவன் ஒருத்தன்கிட்ட பறிமுதல் பண்ணினது. திருத்திக் குடுத்தா அவனுக்கே குடுத்துரலாம்" என்றார். பறித்ததைச் சொந்தச் செலவில் திருத்திக் கொடுக்கிற அதிபரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடித்தட்டைக் கழற்றினால், உள்பக்கம் ஆணியால் கீறிய கோணல் எழுத்தில் ஒரு பெயர். அதற்குக் கீழே 'ஆண்டு ஐந்து', அதாவது ஐந்தாம் வகுப்பு. பெயர் சாட்சாத் அதிபருடைய பெயர்! தட்டை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, அந்த எழுத்தைப் படித்தார். பிறகு, "அந்தக் காலத்துல இந்தப் பேரு நெறையப் பேருக்கு இருந்துச்சுங்க மிஸ்" என்றார்.

பாஸ் வரும்வரை

கைவேலை தெரிந்தவரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்போம். பாஸ் என்றால் மீசை இருக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். பண்டாரவளையிலிருந்து ஒருவர் காரோடு வந்து, பாஸ் எங்கே என்று கேட்டார். என் வீட்டுக்காரர் குறும்புக்காரர். "உள்ளதான், போங்க" என்று அனுப்பிவிட்டார். வந்தவர் என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய காரைப் பிரித்து, மோட்டாரைச் சுத்தம் செய்து, அறுந்திருந்த வயரைப் பற்றவைத்து, சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கிற வரைக்கும் மனிதர் அசையவில்லை. "பாஸ் வர நேரமாகுமோ தங்கச்சி?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான்தாங்க பாஸ்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஓடுகிற சக்கரத்தைப் பார்த்தார், ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்: "அதுக்கென்னங்க, அவரு வர்ற வரைக்கும் நீங்களே செஞ்சுக்கிட்டு இருங்க."

எதிரில் வருகிற வண்டி

இந்தக் கார்களை ஓட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கார் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான். திரும்பி நம்மை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ். நமக்கு இடதாகத் தெரிவது காருக்கு வலது. பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் பழகிவிடுவார்கள். நிஜ வண்டி ஓட்டுகிறவர்கள்தான் திணறிப்போவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எப்போதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் யோசிக்கத் தெரியும்.

மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் 'மச்சான் மகனுக்காக' ஒரு கார் வாங்க வந்தார். கடைக்குப் பின்னால் இருக்கிற வெற்று நிலத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கார் போகிறபோது பிரமாதம். திரும்பி வருகிறபோது நேராக ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் பாய்ந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். மறுபடியும் கான். மனிதருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. எத்தனை கொண்டை ஊசி வளைவில் எத்தனை உயிரைப் பத்திரமாக ஏற்றி இறக்கிய கை அது! ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "எதுருல வர்றது அடுத்தவன் வண்டியில்லீங்களா? அதைப் போயி நான் எப்படிங்க ஓட்டுறது?"

கொழுந்தோடு கொழுந்தாக

ரிமோட்டில் நீட்டுகிற கம்பி இருக்கிறதே, ஏரியல், அதை முழுசாக இழுத்துவிட வேண்டும். பாதியில் விட்டால், கார் பத்தடி தாண்டியதும் நம் பேச்சைக் கேட்காது. இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை தெமோதரைப் பக்கத் தோட்ட ரோட்டில் யாருடனோ வாயடித்துக்கொண்டு ஏரியலை இழுக்க மறந்துவிட்டேன். என் வெள்ளைக் கார் ரோட்டை விட்டுத் துள்ளித் தேயிலைக்குள் போய்விட்டது. அட்டை கடிக்கக் கடிக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் சொல்லிவிட்டு ரோட்டோரம் காத்திருந்தேன். கொழுந்து நிறுவை முடிந்து இறங்கி வந்த ஒரு அக்கா சாக்குக்குள் கைவிட்டு என் காரை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று நான் விழித்தபோது, அவர் சிரிக்காமல் சொன்னார்: "தராசுல கொழுந்தோட சேந்து ஏறிருச்சுங்க. சாக்குக்கும் ஈரத்துக்கும்னு எப்பவும் கழிக்கிறதைத்தான் கழிச்சாங்க, காருக்குன்னு தனியா ஒன்னும் கழிக்கல."

ஓடாத கார்

கொழும்பிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். அவரிடம் இருக்கிற கார்கள் எல்லாம் பெட்டி பிரிக்காதவை. என் அலமாரியைப் பார்த்து முகம் சுளித்தார். இந்த டயர் சைக்கிள் டியூபில் வெட்டியது, இந்தக் கண்ணாடி சோடாப் போத்தலில் வெட்டியது என்று நான் பெருமையாகச் சொல்லச் சொல்ல, அவருக்கு நெஞ்சு வலியே வந்துவிடும்போல் இருந்தது. "உங்க கார் எதையாவது ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். பழைய கார் என்றால் உயிரையே விடுகிற அந்த மனிதர் பதறிப்போனார். "ஓட்டினா பழசாயிருமே!"

கதிரையில் இருந்தபடி

புஷ்பா பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். வீடு தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. தோட்டத் துரை பங்களாவில் பழைய சாமான்களைக் கழித்தபோது கிடைத்ததென்று ஒரு நீல பிக்கப்பைக் கொண்டுவந்தாள். நான் வழக்கம்போல, "மகனுக்காம்மா?" என்றேன். "இல்லைங்கக்கா, எங்க அப்பாவுக்கு" என்றாள். என் மேசைக்கு முன்னால் உண்மை பேசப்பட்டது அன்றைக்குத்தான்.

அவளுடைய அப்பா பெருமாள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் சோர்ந்துபோய், வாயும் ஒரு பக்கம் கோணிவிட்டது. தினமும் நடந்தால் கால் திரும்பிவிடும், நடக்காமல் கதிரையில் உட்கார்ந்தே இருந்தால் அப்புறம் படுக்கைதான் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மனிதர் மாட்டேன் என்கிறார். "நடன்னு சொன்னா, எங்க போறதுக்குன்னு கேக்குறாருக்கா. சும்மா போயிட்டுச் சும்மா வர்றதுக்கு நான் என்ன பைத்தியமாங்குறாரு. கெஞ்சிட்டேன், திட்டிட்டேன், அழுதும் பாத்துட்டேன்" என்று சொல்லி என் முன்னாலேயே அழுதாள். இந்த பிக்கப்பைக் கண்டதும் மட்டும் அவர் எடுத்து மடியில் வைத்துச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தாராம். ரிமோட்டை அழுத்தினால் விரலுக்காவது பயிற்சி ஆகுமே என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். பல்சக்கரத்தை மாற்றி வேகத்தைக் குறைத்தேன். அவருடைய இடது பெருவிரலுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று, வேகம் கூட்டுகிற பிடியின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். ரிமோட்டுக்குக் கழுத்தில் மாட்டுகிற வார் ஒன்று தைத்தேன். ஏரியல்தான் பாதியில் முறிந்திருந்தது, அந்த அளவு கம்பி என்னிடம் அப்போது இல்லை. "கெடைச்சதும் போட்டுத் தாறேன். அது வரைக்கும் வண்டியைத் தூர விடாமக் கிட்டக்கவே வச்சு ஓட்டச் சொல்லு" என்று எச்சரித்தேன். புஷ்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கதிரையில இருந்தபடிதானே ஓட்டப்போறாரு, அவருக்கு இது போதுங்கக்கா."

அதை மட்டும் வேண்டாம்

முறிந்த ஏரியலோடு ஒரு வண்டியை வெளியே அனுப்பிவிட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கல் கடித்த மாதிரி அந்த நினைப்பு. ஒரு வழியாகச் சரியான அளவில் ஒன்று கிடைத்ததும் புஷ்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தாள், ரிமோட் இல்லாமல்.

நடந்தது இதுதான். பெருமாள் கதிரையில் இருந்தபடி ஓட்டியிருக்கிறார். போகும்போது நன்றாகப் போன பிக்கப், திரும்பி அவரை நோக்கி வரும்போதெல்லாம் சுவரில் இடித்திருக்கிறது. பஸ் டிரைவர் கதையேதான். இரண்டு நாள் பொறுத்திருக்கிறார். மூன்றாம் நாள், "டிரைவர்னா வண்டிக்குப் பின்னாடி இருக்கணும்" என்று சுவரைப் பிடித்து எழுந்து, வண்டிக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். நின்று ஓட்டினால் வண்டி கொஞ்சம் முன்னே போய்ப் பேச்சுக் கேட்க மறுக்கிறது. லயத்துக்கு முன்னால் போகிற ரோட்டின் ஒரு பக்கம் பள்ளம். வண்டியைப் பள்ளத்தில் விடுகிற ஆளா அவர்? கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கம்பை ஊன்றிப் பின்னாலேயே போயிருக்கிறார். கொஞ்சம் ஓட்டுவது, நிறுத்துவது, பக்கத்தில் போய்ச் சேர்வது, மறுபடி ஓட்டுவது. முதலில் லயத்துக் கோடி வரைக்கும். பிறகு கோவில் வரைக்கும். இப்போது தேயிலைத் தொழிற்சாலை வளைவு வரைக்கும் போய் வருகிறாராம். வளைவு வந்தால் வண்டியை நிறுத்தி, கோணிய வாயாலேயே 'பாம், பாம்' என்று ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் திருப்புகிறார். வாய் கோணியதிலிருந்து வீட்டாரோடுகூடப் பேச வெட்கப்பட்ட மனிதர்!

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரிமோட்டைக் கொண்டாம்மா, ஒரு நிமிஷத்துல போட்டுறலாம்" என்று ஏரியலை எடுத்தேன். புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை மட்டும் போட்டுறாதீங்கக்கா! போட்டீங்கன்னா மறுபடி கதிரையில போயி உக்காந்துக்குவாரு. அவரே வந்து கேட்டாலும் சாமான் கெடைக்கலன்னு சொல்லிருங்க."

தகர டப்பா

அவரே வந்துவிட்டார். தனியாக, பஸ் ஏறி, கழுத்தில் ரிமோட்டோடு. கடைப் படியில் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். இடது கால் இன்னும் இழுத்துக்கொண்டுதான் வந்தது, ஆனால் வந்தது. என் வீட்டுக்காரர், "பேரப்புள்ளைக்குங்களா?" என்று கேட்டார். "யாரு சொன்னா? என் வண்டி" என்று குழறினாலும் கணீரென்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பற்றரி மாட்டுகிற இடத்தில் துரு. சுரண்டிச் சரிசெய்து கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஏரியலைக் கேட்கப் போகிறார் என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன்: "இந்த ஏரியல்தாங்கண்ணே, எங்க தேடியும் கெடைக்கல." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேசையில், அவருடைய மூக்குக்கு நேரே, பழைய ஏரியல்கள் ஊதுவத்திபோல நிற்கிற தகர டப்பா. அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த நடுவுல நிக்கிறது இதுக்கு அளவா இருக்கும்போல" என்றார்.

பொய்யும் போச்சு, மானமும் போச்சு. "போட்டுத் தரட்டுமாங்கண்ணே?" என்று அதை உருவினேன். அவர் ரிமோட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். வைத்தது இடது கை. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார்: "வேணாந் தாயி. அதைப் போட்டா வண்டி ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் உக்காந்து கெடப்பேன். அப்பனை ஏமாத்தி நடக்க வச்சிட்டோம்னு எம் புள்ள சந்தோசமா இருக்கு. எனக்குத் தெரியும்னு அதுக்கிட்டச் சொல்லிறாதீங்க."

எத்தனையோ வண்டிகளைக் கண் எரிய எரியத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்; அப்பனும் மகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து என்னை மனசார வாழ்த்தியதோ, நான் செய்யாமல் விட்ட அந்த ஒரு வேலைக்காகத்தான்.