ஜெகநாதன் ஊற்றிய நாலு லிட்டர்

ஜெகநாதனிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். ஆரணி சேவூர் சாலையில் அவனுடைய ஒர்க்‌ஷாப்புக்கு நேர் எதிரே பதினான்கு வருடமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் "பிரபா, இது சரியா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்காமல் இருக்க அவனுக்குக் காரணம் இருந்தது. அவன் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிற குடும்பத்துப் பிள்ளை. நெசவாளர்கள் ஒரு துண்டு நூலைக் கொண்டுவந்து இதே கலர் வேண்டும் என்பார்கள். அவன் அப்பா ரங்கசாமி அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, அச்சு அசலாக அதே நிறத்தை எடுத்துக் கொடுப்பார். அந்தக் கண் மகனுக்கும் வந்துவிட்டது. சாயத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் வெடித்ததால் பதினேழு வயதில் மெக்கானிக் வேலைக்குப் போனான். அந்தக் கண் அங்கேயும் கைகொடுத்தது. இன்ஜின் ஆயில் குச்சியை இழுத்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைப்பான். "எட்டாயிரம் ஓடியிருக்கு. நடுவுல ஒரு தபா ஹீட் ஆயிருக்கு" என்பான். சொன்னது சரியாக இருக்கும். களம்பூர் ரைஸ்மில் லாரிக்காரர்கள்கூட அந்தச் சொட்டுக்காகவே வருவார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், காட்டிக்கொள்ளமாட்டேன்.

கலையரசி சந்தவாசல்காரி. ஜவ்வாது மலைமேல் கிராம செவிலியராக இருக்கிறாள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது காலில் பலம் போய்விட்டது, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கிளட்ச் இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினாள். கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடு அது. அந்தத் தெருவிலேயே கார் ஓட்டிய முதல் பெண் அவள்தான். ஆனால் வண்டி அண்ணன் இளவரசன் பெயரில் இருந்தது. கியர்பாக்ஸ் அடியில் ஆயில் ஒழுகுகிறது என்று திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவந்தபோது அவளே சொன்னாள்.

"அண்ணா, நல்லா பாத்துக் குடுங்க. இந்தக் கால வெச்சிகினு உனக்கு எதுக்குடி காருன்றாரு எங்க அண்ணன். இன்னொரு தபா வழியில நின்னுச்சின்னா வித்துருவேன்னு சொல்லிட்டாரு. வண்டி இல்லன்னா நான் மலைக்குப் போவ முடியாது. வேலைய விட வேண்டியதுதான்."

ஜெகநாதன் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, ஒழுகிய கேஸ்கெட்டை மாற்றினான். பழைய ஆயிலில் ஒரு சொட்டைத் தாளில் வைத்தான். பிறகு என் கடைக்கு வந்தான்.

"ஆட்டோமேட்டிக் ஆயில் குடு. செவப்பு. நாலு லிட்டர்."

எந்த வண்டி, கம்பெனிக்காரன் எந்த ஆயில் சொல்லியிருக்கிறான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டே டின்னை எடுத்து நீட்டினேன். அவன் புது ஆயிலையும் ஒரு சொட்டு பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டான்.

"பார்றா, ரெண்டும் ஒண்ணு."

நானும் தலையாட்டினேன்.

ஊற்றிய பிறகு அளவு பார்த்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கினான். கியர் லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, குச்சியைத் துடைத்து இரண்டு தரம் பார்த்தான். ஆயில் கோட்டில் கச்சிதமாக நின்றது. கலையரசி சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு, ஜெகநாதன் திருப்பிக் கொடுத்த காலி டின்னில் நட்டு போல்ட்டு போட்டு வைக்கலாமென்று அதன் தலையை வெட்ட எடுத்தேன். பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. சி.வி.டி. கியர்பாக்ஸுக்கு ஊற்றக் கூடாது. கலையரசியின் கார் சி.வி.டி. அதில் வழக்கமான பல்சக்கரங்கள் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட் இறுக்கிப் பிடித்து ஓடும். அதற்கென்று தனி ஆயில் இருக்கிறது. வேறு ஆயில் பட்டால் பெல்ட் வழுக்கும். சமதரையில் தெரியாது, மேட்டில் தெரியும். அவளோ இந்நேரம் மலைக்குக் கிளம்பியிருப்பாள்.

சாலையைத் தாண்டி ஓடினேன். ஜெகநாதன் டின்னை வாங்கிப் படித்தான். "செவப்புதானே..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"எல்லாம் சாயம்டா" என்றான். "ஒழுவுனா கண்ணுக்குத் தெரியட்டும்னு கலக்கறானுங்க. பட்டுலயும் பாலியெஸ்டர்லயும் ஒரே செவப்பு எடுக்கலாம். எனக்குத் தெரியாததாடா இது?"

அவன் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை.

போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது கலையரசி போனைத் தொடமாட்டாள். நல்ல பழக்கம்தான், அன்றைக்கு அதையும் சேர்த்துத் திட்டினேன். மறுபடி போட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது.

"ஜல்தி வண்டிய எட்றா" என்றான்.

டின்னைக் கடையில் வீசி, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு பைக்கைக் கிளப்பினேன். போளூர் தாண்டும்வரை அவன் பின்னால் உட்கார்ந்து போனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். மலையேற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். பார்க்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வளைவில் கார் குறுக்காக நின்றிருந்தது. பின்சக்கரங்களுக்கு அடியில் கல். கலையரசி தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த இடத்தில் சிக்னல் கிடைத்திருக்கிறது. அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

"இன்ஜின் கத்துதுண்ணா, வண்டி ஏறவே இல்ல" என்றாள் எங்களைப் பார்த்ததும். "அப்டியே பின்னால வந்துச்சு. பிரேக்க மிதிச்சுட்டேன். பின்னால வந்த லாரி ஒரு மொழத்துல நின்னுச்சு. லாரிக்காரர்தான் கல்லு வெச்சுட்டுப் போனாரு. நான் என்னா தப்பு பண்ணேன்னே தெரியலண்ணா."

"ஓட்டத் தெரியாதவளுக்கு இன்னாடி காரு?" என்றது போன். "நாளைக்கே வித்துட்றேன் பாரு."

பழைய கியர்பாக்ஸ், ஆயுசு முடிந்துவிட்டது என்று ஜெகநாதன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. டின் என் கடையில் கிடக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவன் அப்படிச் சொல்லிவிட மாட்டானா என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

அவன் கை நீட்டிப் போனை வாங்கினான்.

"இளவரசன், மெக்கானிக் ஜெகநாதன் பேசறேங்க. உங்க தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பான ஆயில ஊத்திட்டேன்."

"அவளுக்கு வக்காலத்து வாங்காதீங்க" என்றான் இளவரசன். "முப்பது வருசமா வேல செய்யறவருக்கு எந்த ஆயிலுன்னு தெரியாதா? பாவம் பாத்துப் பொய் சொல்றீங்க."

"பொய் இல்லீங்க. கலரப் பாத்து ஊத்திட்டேன்."

"கலரப் பாத்தா? யாருகிட்ட சொல்றீங்க?"

ஊரே நம்பிய கண் அது. அது தப்பு செய்தது என்று அவனே சொன்னாலும் நம்ப ஆளில்லை. ஜெகநாதன் திணறிப்போய் என்னைப் பார்த்தான். கேட்கவே தெரியாதவன் அந்தப் பார்வையில் கேட்டான்.

போனை நான் வாங்கிக்கொண்டேன். "எதிர்க்கடை பிரபாகரன் பேசறேங்க. அந்த ஆயிலக் குடுத்தது நான். இந்த மாதிரி வண்டிக்கு ஊத்தக் கூடாதுன்னு டின்னுலயே போட்டிருக்கு. நான் படிக்காம குடுத்தேன், அவன் படிக்காம ஊத்தினான். டின்னு கடையிலதான் கீது, நீங்களே வந்து படிச்சிக்கோங்க. உங்க தங்கச்சி பிரேக்க மிதிச்சதாலதான் எல்லாரும் இப்ப பேசிகினு இருக்கோம்."

"அவளுக்கு அடி கிடி எதுனா பட்டுச்சா?" என்று கேட்டான் இளவரசன். இல்லை என்றேன். "சரி, வண்டிய ரெடி பண்ணிக் குடுங்க" என்று வைத்துவிட்டான்.

கலையரசி ஜெகநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் ஓட்டினேனாண்ணா?"

"சரியாத்தாம்மா ஓட்டின. ஆக்ஸிலேட்டர மேல மேல மிதிக்காம நிறுத்தின பாரு, அதான் சரி. நானா இருந்தா இன்னும் மிதிச்சிருப்பேன்."

லாரி ஒரு முழத்தில் நின்றபோது அழாதவள், அண்ணன் கத்தியபோதும் அழாதவள், அப்போது சுவரில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நாங்கள் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.