ஐந்து மணிக்குக் கிளம்புகிறவள்

பக்கவாதம் வந்து என் கணவருக்கு வலது கையும் பேச்சும் போனபோது அவருக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. கை மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. குரோம்பேட்டையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"நான் வாரா வாரம் பார்க்கிறது பெருசில்ல மேடம். டெய்லி சாயங்காலம் நீங்க எதிர்ல உக்காந்து பேசணும். உங்க உதட்டைப் பார்த்துதான் அவர் கத்துப்பார். இருட்டறதுக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் டயர்டாயிடுவார்."

என் அலுவலகம் துரைப்பாக்கத்தில். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. வீடு அஸ்தினாபுரத்தில். பகலில் கீழ் வீட்டிலிருக்கும் நாத்தனார் அவரைப் பார்த்துக்கொள்வாள். இருட்டுமுன் வீடு சேர நான் ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அந்த அலுவலகத்தில் ஐந்து மணிக்கு யாரும் கிளம்பியதில்லை.

அப்படித்தான் எனக்கு அந்தப் பழக்கங்கள் வந்தன. எந்தப் புத்தகமும் படித்து வரவில்லை. சிக்கலான பில்களைக் காலையில், தலை தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுவேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் பார்ப்பேன். கைப்பேசி பைக்குள் கிடக்கும். மெயிலைக் காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை திறப்பேன், அவ்வளவுதான். டீக்குப் போகும் கூட்டத்தோடு போவதை நிறுத்தினேன். கிளம்புமுன் மறுநாள் முதலில் எதைத் தொடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். வந்ததும் யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாதல்லவா?

வீட்டில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு எதிரெதிரே உட்காருவோம். "தண்ணி" என்பேன். அவர் என் வாயையே பார்ப்பார். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு "தண்". ஒரு நாள் முழுசாகவே "தண்ணி" என்றார். நாத்தனார் சமையலறையிலிருந்து ஓடிவந்து சொம்போடு நின்றாள். மூவரும் சிரித்தோம். கதவு, சாவி, சட்டை என்று வார்த்தைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

அந்தச் சமயத்தில்தான் டீம் லீடர் என் மேசைக்கு வந்தான். என்னைவிட வயதில் சின்னவன், மரியாதையாகத்தான் பேசுவான்.

"அக்கா, எல்லாரும் லேட்டா போறாங்க, நீங்க மட்டும் எப்படி அஞ்சு மணிக்கு முடிக்கிறீங்க? டீமுக்கு ஒரு செஷன் எடுங்களேன்."

எடுத்தேன். பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். எதற்காக இதெல்லாம் என்று அவரைப் பற்றியும் சொன்னேன். சிலர் கண் கலங்கினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சின்னத் தொட்டியில் ஒரு செடி பரிசு. அடுத்த வாரம் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் என் படத்தோடு ஒரு போஸ்டர் தொங்கியது. காலையில் கடினமான வேலை, கைப்பேசி பைக்குள் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. ஐந்து மணி மட்டும் இல்லை. அவரும் இல்லை.

அதற்கடுத்த மாதம் எல்லோருக்கும் டார்கெட்டை ஏற்றினார்கள், என் வேகத்துக்கு. நான் அதையும் முடித்தபோது பக்கத்து டீமின் மிச்சத்தை என்னிடம் தள்ளினார்கள்.

பக்கத்து நாற்காலியில் பள்ளிக்கரணை அக்கா ஒருத்தி இருந்தாள். மதியம் சாப்பாட்டு அறையில் எனக்கு இடம் பிடித்து வைப்பவள். அன்று தட்டச்சை நிறுத்தாமலே சொன்னாள்:

"நீ பாட்டுக்குப் பேசிட்டுப் பூட்ட. இப்ப எங்க தலை மேல ஏத்திகினு கீறானுங்க."

"என் தலையிலயும்தான்க்கா ஏத்தியிருக்காங்க."

"உனுக்கு கை தட்டுனாங்க. எங்களுக்கு இன்னா?"

பிறகு அவள் இடம் பிடித்து வைக்கவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டுப் போனாள். விடச் சொன்னார்கள் என்றும் பேச்சு.

தள்ளிய மிச்சத்தையும் முடித்துவிட்டு இருட்டியபின் நான் வீடு சேரும்போது அவர் சாப்பிட்டுப் படுத்திருப்பார். எழுப்பி உட்காரவைத்து "சாவி" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பயிற்சி தரும் பெண் கண்டுபிடித்துவிட்டாள். "நல்லா வந்துட்டிருந்தாரே மேடம். வீட்ல உக்கார்றீங்களா இல்லையா?"

மறுநாளே டீம் லீடரிடம் போனேன். பழையபடி ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றேன்.

"அக்கா, டைம் மேனேஜ்மென்ட்டுக்கே நீங்கதான் ரோல் மாடல். நீங்களே டைம் இல்லன்னா எப்படி?"

"டைம் இல்லன்னு சொல்லல. அஞ்சு மணிக்குப் போகணும்னு சொல்றேன்."

"வேலை முடிஞ்சா தாராளமா போங்கக்கா. யார் வேணாம்னா?"

முடித்தால்தானே அடுத்ததைத் தருகிறார்கள். அதை அவனிடம் சொன்னேன். சிரித்தான். கெட்டவன் இல்லை, அவனுக்கு மேலே ஒருவன், அவனுக்கும் மேலே இன்னொருவன். அதனால் என் கோபம் போய் உட்கார ஓர் ஆள்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

வேலையை விட முடியாது. இரண்டு பேருக்கும் அந்த ஒரு சம்பளம்தான். ரேடியல் சாலை நெரிசலில், பஸ் சதுப்பு நிலத்தை ஒட்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது நாத்தனார் கைப்பேசிக்கு வீடியோ கால் போட்டுப் பார்த்தேன். "கதவு... கதவு..." என்று நான் கத்த, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிக்னல் போய்ப் போய் என் முகம் திரையில் உறைந்து நின்றுவிடும். உறைந்த உதட்டைப் பார்த்து யார் என்ன கற்றுக்கொள்வது? இரண்டு வாரத்தில் அதையும் விட்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காருகிறோம். வந்த வார்த்தைகளில் பாதி போய்விட்டது. புதிதாக ஒன்று மட்டும் வந்திருக்கிறது, நாங்கள் யாரும் சொல்லித் தராதது. காலையில் நான் பையை எடுத்து மாட்டியதும் என்னைப் பார்த்து, திக்காமல் திணறாமல் சொல்கிறார்: "ஆபீஸ்."