சைரனுக்கும் வெடிக்கும் நடுவே

மதியச் சைரன் ஊதியதும் அம்மாவின் கை குழம்புச் சட்டிக்கு மேலே அப்படியே நின்றுவிடும். கரண்டி நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு விழும். நான் ஓடிப்போய் ரேடியோவை அணைப்பேன். வாசலில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அத்தை, எங்கள் வீட்டுச் சட்டம் தெரிந்தவர் என்பதால், பாதி வார்த்தையிலேயே வாயை மூடிக்கொள்வார். கோழிகள் மட்டும் யாருக்கும் அடங்காமல் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். தெற்கே, முந்திரிக் காட்டுக்கு அப்பால், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சைரனுக்கும் வெடிக்கும் நடுவே உள்ள அந்தச் சில நிமிடங்களில் எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. இது அப்பா போட்ட சட்டம். போட்டவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். சுரங்கத்தின் விளிம்பில் சிவப்புக் கொடியோடு நின்றுகொண்டிருப்பார்.

கல்லில் துளை போடுபவர்கள் வேறு, மருந்து நிரப்புபவர்கள் வேறு. ஆள் விலக்குவது அப்பாவின் வேலை. வெடிக்கு முன்பு குழியைச் சுற்றி நடந்து, ஆடு மேய்ப்பவர்கள், சுள்ளி பொறுக்குபவர்கள், நிழலில் தூங்கிப்போன லாரி கிளீனர்கள் எல்லாரையும் எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். சைரன் ஊதியபின் கொடியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி நிற்க வேண்டும். "யாராச்சும் உள்ள மாட்டிக்கிட்டா கூப்புடுவாங்க. நாம பேசிக்கிட்டே இருந்தா அது எப்படிக் கேக்கும்?" என்பார். குழியிலிருந்து யாராவது கூப்பிட்டால் எங்கள் வீட்டு அடுப்படியில் கேட்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஊரில் எங்களுக்குக் கொடிக்காரர் வூடு என்று பெயர். சுரங்கத்து விளிம்பிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்பாவின் தொண்டை அகலமாகிவிட்டிருந்தது. அவர் ரகசியம் பேசினால் தெருக்கோடியில் கேட்கும் என்று அம்மா கேலி செய்வார்.

எனக்கு அந்த அமைதி பிடிக்கும். எங்கள் மண்ணுக்கு அடியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்பாவும் கல்லாகிப்போன சிப்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். சைரன் ஓய்ந்து எல்லாரும் வாயடைத்து நிற்கும்போது, அந்தக் கடல் திரும்பி வந்து எங்கள் வீட்டை மூடிக்கொண்டதுபோல் எனக்குத் தோன்றும். வெயில் கூரை ஓட்டிடுக்கு வழியாகத் தண்ணீருக்குள் இறங்குவதுபோல் இறங்கும். சுண்ணாம்புத் தூசி அதில் மெதுவாக நீந்தும். அம்மா, அத்தை, நான், எல்லாரும் அடியாழத்தில் கண் திறந்து கிடப்போம். பிறகு தரை ஒரு முறை குலுங்கும். அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். இரண்டாவது சைரன் கேட்டதும் அம்மாவின் கரண்டி மறுபடியும் குழம்பைக் கலக்கத் தொடங்கும். அம்மாவுக்கும் அத்தைக்கும் அதற்கு முன்னால் ஏதாவது வாக்குவாதம் நடந்திருந்தால், அது எங்கே விட்டது என்று இருவருக்கும் மறந்துபோயிருக்கும்.

ஓய்வு பெற்று, அம்மாவும் இறந்தபிறகு அப்பா தனியாக இருந்தார். எனக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்துவிட்டேன். என் கணவர் ஓசூரில், மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில், நான் அரியலூர்ப் பக்கத்தில் அப்பாவோடு. சென்னையில் கடன் போட்டு வாங்கிய வீட்டில் யாரும் இல்லை. அந்த வீட்டுக்காகத்தான் நாங்கள் எல்லாரும் வேலை செய்கிறோம் என்று ஒரு நாள் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அந்த வூட்டுல யாரு பாப்பா இருக்கா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "வூடு நல்லா இருக்குல்ல?" என்றார். என்னைத் தேற்றுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

அப்பாவின் வலது காது வெடிச் சத்தத்தில் மந்தமாகியிருந்தது. இடது காது நன்றாகவே கேட்கும். நான் மீட்டிங்கில் இருக்கும்போது அந்தக் காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். முடிந்ததும் டீயைக் கையில் கொடுத்து விசாரணையைத் தொடங்குவார்.

"யாருகிட்ட பாப்பா அப்படிச் சிரிச்சுக்கிட்டிருந்த?"

"ஆபீஸ்ல ஒருத்தர் ஜோக் சொன்னாருப்பா."

"சிரிக்கிற மாதிரியா இருந்துச்சு?"

"இல்ல."

"பின்ன ஏன் சிரிச்ச?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

டீ ஆறும்வரை இந்த மாதிரிப் பேச்சு நடக்கும். உங்கள் காலத்தில் வேலை என்றால் ஓய்வு பெறும்வரைக்கும் வேலை, எங்களுக்கு நாளைக்கு லேப்டாப் திறக்குமா என்றே தெரியாது என்று நான் புலம்புவேன். வெடிமருந்துக்குப் பக்கத்தில் நின்றவனிடம் வந்து பயத்தைப் பற்றிப் பேசுகிறாயே என்று அவர் சிரிப்பார். யாருடைய காலம் கஷ்டம் என்பதில் நாங்கள் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அந்தச் சண்டைக்காகவே இருவரும் டீ நேரத்தை எதிர்பார்த்தோம்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு மே மாதக் கடைசியில் அந்த உத்தரவு வந்தது. என் டீமில் சிலரைத் திங்கட்கிழமை வேலையிலிருந்து நீக்கப் போகிறோம், மீட்டிங்கில் ஹெச்.ஆர். சொல்வார், நீங்கள் கூட இருந்தால் போதும், அதுவரை மூச்சு விடக் கூடாது என்றார்கள். அதில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர், பயந்த சுபாவம். அப்பாவைக் காரணம் காட்டி விலக்கு வாங்கிய என்னைத் தவிர மற்ற எல்லாரும் வாரத்தில் பாதி நாள் ஆபீசுக்கு வர வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்ததால், குடும்பத்தைச் சென்னைக்கு மாற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மகளின் பள்ளியில் சனிக்கிழமை டி.சி. வாங்கப் போவதாக என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். அந்தப் பள்ளியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. டி.சி. வாங்கிய கையோடு அந்த இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும். சனிக்கிழமை பள்ளியை விட்டுவிட்டு, திங்கட்கிழமை வேலையும் இல்லாமல் அவர் நடுத்தெருவில் நிற்கப் போகிறார், எனக்கு அது முன்கூட்டியே தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். எப்படியும் தஞ்சாவூர்க்காரரிடம் சொல்லிவிடு என்பார், அதைப் பிடித்துக்கொண்டு தைரியமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"நீ ஒண்ணும் சொல்லாத பாப்பா. ஆபீஸ்ல என்ன சொல்றாங்களோ அதச் செய். உனக்கு வேல போச்சுன்னா எவன் வந்து நிப்பான்?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "காலம் பூரா கொடியப் புடிச்சுக்கிட்டு ஆள வெலக்கின மனுசன் பேசுற பேச்சாப்பா இது?"

"அதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. உனக்கு, சொல்லாம இருக்கத்தான் சம்பளம் குடுக்கிறாங்க."

அவரே தொடர்ந்தார். எங்கள் நிலம் இப்போது அந்தச் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது. நிலத்தைக் கொடுத்ததற்குப் பதிலாகத்தான் அவருக்குக் கொடி பிடிக்கும் வேலையே கிடைத்தது. "நம்ம நெலத்த எடுக்கறப்ப முன்னாடியே சொல்லிட்டுத்தான் எடுத்தாங்க. சொன்னதால நெலம் நின்னுடுச்சா?" என்றார். நான் எழுந்து உள்ளே போனேன். கதவருகே போனபோது முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. "எள்ள மட்டும் அறுத்துக்கிட்டோம். அந்த வருசம் எள்ளு நல்லா வெளைஞ்சிருந்துச்சு." யாரிடமோ சொல்வதுபோல் அதைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முந்தின நாள் கோபத்தில் இரண்டு பேருக்கும் நடுவே ரசச்சட்டி மட்டும்தான் பேசாமல் போய்வந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. தஞ்சாவூர்க்காரர். என் கையெல்லாம் சோறு என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், சாப்புடுற நேரத்துல தொந்தரவு பண்றேன். நாளைக்கு டி.சி. வாங்கப் போறேன்ல, வீட்டுல ஒரே பயம். ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சின இல்லயே மேடம்? உங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டா நிம்மதி."

அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி, தன் வாட்டர் பாட்டிலைப் புது ஸ்கூலுக்கும் கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குள் பொய் தயாராக இருந்தது. "அதுக்கென்ன..." என்று ஆரம்பித்தேன். சைரன் ஊதியது.

நின்றுவிட்டேன். யோசித்து நிறுத்தியது இல்லை. நாற்பது வயதைத் தாண்டியும் என் நாக்கு அந்தச் சத்தத்துக்குத்தான் கட்டுப்பட்டிருந்தது. முற்றத்தில் வெயில் அசையாமல் கிடந்தது. தூசி அதில் மிதந்தது. பழைய கடல் எங்கள் தட்டுகளையும் போனையும் என் பாதிச் சொல்லையும் மூடிக்கொண்டு உயர்ந்தது. "மேடம்? மேடம், கேக்குதா?" என்று அவர் குரல் எங்கோ தண்ணீருக்கு மேலேயிருந்து வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் மூச்சு மட்டும் கேட்டது. என் மௌனத்தை அவர் படித்துக்கொண்டிருந்தாரா, நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. வெடித்து முடிந்ததும் அந்தப் பொய்யைச் சொல்லி முடித்துவிடுவேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அழுகை வந்தது.

அப்போது அப்பா பேசினார். என் ஆயுளில் அந்த நேரத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. சோற்றுக் கையோடு போன் பக்கம் குனிந்து, சுரங்கத்து விளிம்பில் நிற்பவர்போல் அந்த அகன்ற தொண்டையைத் திறந்தார்.

"டி.சி. வாங்காத தம்பி. இப்ப வாங்காத."

தரை குலுங்கியது. பாத்திரங்கள் கிணுகிணுத்து ஓய்ந்தன. இரண்டாவது சைரன் ஊதி முடியும்வரை தஞ்சாவூர்க்காரர் போனை வைக்கவில்லை. பேசியது யார் என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. "சரிங்கய்யா" என்றார். வைத்துவிட்டார்.

"என் வேலைக்கே வேட்டு வச்சுட்டியேப்பா!" என்று கத்தினேன். நேற்று வாயைத் திறக்காதே என்றவர் இன்று என்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டார். கம்பெனிக்குத் தெரிந்தால் நான்தான் சொன்னேன் என்பார்கள். அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். கோபத்துக்கு அடியில் எனக்குப் பெரிய ஆறுதல் இருந்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை மீட்டிங்குக்கு உட்கார்ந்தபோது, எப்போதும் பனியனோடு இருக்கிற அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கேமராவில் விழாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஹெச்.ஆர். பெண்மணி எழுதிவைத்ததை வாசித்தார். தஞ்சாவூர்க்காரர் என்ன சொல்வாரோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றினார், முகத்தைத் துடைத்தார். "என்னங்க இது, திடீர்னு..." என்றார். அதற்குமேல் பேச முடியாதவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமா என்று அந்தப் பெண்மணி கேட்டதற்கு, இல்லை என்றார். திரையில் அவர் முகம் அணைந்ததும் அப்பா மூச்சை வெளியே விட்டார்.

அவர் மகள் அந்த ஜூனில் அதே பள்ளிக்கு அதே வாட்டர் பாட்டிலோடு போனாள். அவருக்கும் பிறகு அங்கேயே ஒரு வேலை அமைந்தது. என் வேலை அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடி, ஒரு காலைப்பொழுதில் லேப்டாப் திறக்காமல் போனதோடு முடிந்தது. அப்போது அப்பா இல்லை. இப்போது இதே வீட்டிலிருந்து பெரம்பலூருக்கு வேறு வேலைக்குப் போய்வருகிறேன். விடுமுறை நாளில் மதியம் சைரன் ஊதினால், ஓசூரிலிருந்து வந்திருக்கும் என் கணவர் பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்துவேன்.

அந்தத் திங்கட்கிழமை மீட்டிங் முடிந்ததும்தான் அப்பாவிடம் மறுபடி பேசினேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கள வாயத் தொறக்கவுட மாட்ட. நீ மட்டும் சைரன் ஊதுனப்புறம் பேசலாமாப்பா?"

"உள்ள ஆளு இருந்தா பேசாம எப்புடி?"

"அவரு தஞ்சாவூர்ல இருந்தாருப்பா."

அப்பா சட்டையைக் கழற்றி உதறி, கொடியில் போட்டார்.

"அந்தத் தம்பி மட்டுமா? ரெண்டு பேருல்ல பாப்பா உள்ள நின்னீங்க."