பின் சீட்டுக்கு ஒரு கிளாஸ் ஹெல்பா

"அந்தப் பக்கம் உட்காராதீங்க அப்லா," என்றார் டாக்ஸி ஓட்டுநர் உஸ்தா ஷெஹாத்தா. "அங்க ஆள் இருக்கு."

ரபாப் பின் சீட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை. வலது ஓரத்தில் மடித்த துண்டின் நடுவே ஆவி பறக்கும் கண்ணாடி கிளாஸ் ஒன்று செருகியிருந்தது. வண்டி முழுக்க ஹெல்பாவின் வெந்தய வாசனை.

"யாருக்கு உஸ்தா இந்த ஹெல்பா?"

"கேட்டவங்களுக்கு."

"கேட்டவங்க எங்க?"

"இருக்காங்க. பயப்படாதீங்க, நல்ல மனுஷி. வேகமா ஓட்டினாத்தான் கோவம் வரும்."

லக்ஸர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஓட்டுநர் சங்கத்தின் மாடியில், டாக்ஸிக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர அவள் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது; அவர்களுக்கு அவள் 'அப்லா', அதாவது டீச்சர். வீடு நைலுக்கு மேற்கே. அவர்களில் அந்தப் பக்கம் போகிற ஷெஹாத்தா வகுப்பு முடிந்ததும் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவள் இடது ஓரத்தில் பையை மடியில் வைத்து ஒடுங்கி உட்கார்ந்தாள். பாலம் வந்ததும், கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"டாக்ஸி எடுத்த முதல் வருஷம். 'வெல்கம்', 'நோ ப்ராப்ளம்', இந்த ரெண்டுதான் என் இங்கிலீஷ். மேற்குக் கரையிலேர்ந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவியை ஏத்திட்டு வரேன். மண்டையைப் பிளக்குற வெயில். பின்னாலேர்ந்து 'ஹெல்ப், ஹெல்ப்'னு கேக்குறாங்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். வயித்துக்கு ஹெல்பா நல்லதுன்னு இவங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கே! 'நோ ப்ராப்ளம் மேடம்'னு டீக்கடையில நிறுத்தினேன். சர்க்கரை தூக்கலாப் போடச் சொல்லி, சிந்தாம எடுத்துட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"கதவுல சாஞ்சு கிடந்தாங்க. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. கடைசியா ஆசைப்பட்டுக் கேட்டது. ஒரு வாய் குடிக்காமப் போயிட்டாங்க. அதான் தெனமும் வாங்கி வைக்கிறேன். வைக்காத நாள்ல கேப்பாங்க. அந்தக் குரல் பிடரியில வந்து படும்."

'P' இல்லாத, எல்லாம் 'B' ஆகிவிடும் அரபியில் வளர்ந்த காதுக்கு அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்பது ரபாபுக்குத் தெரிந்தது. கிழவி என்ன சொன்னாள் என்பதும் தெரிந்தது. குடிக்க ஏதோ கேட்டாள் என்று நம்பிக்கொண்டு ஒரு மனுஷன் காலம் தள்ளிவிடலாம். மற்றது தெரிந்தால்?

மறுநாள் வகுப்பில் பாடத் தாளின் மூன்றாவது வரியிலிருந்து ஐந்தாவது வரிக்குத் தாவினாள்.

"அப்லா, நாலாவதை முழுங்கிட்டீங்க," என்றான் ஸக்லூல். வகுப்பில் வாயாடி அவன்தான். "அதைச் சொன்னாத்தான் ஏர்போர்ட்ல பயணியோட பெட்டி நம்ம கைக்கு வரும்."

"அது கஷ்டம். அப்புறம் பார்க்கலாம்."

"என்ன கஷ்டம்? மே ஐ ஹெல்ப் யூ. ஹெல்ப்னா உதவி. என் மச்சான் நைல்ல முழுகும்போது அதைத்தானே கத்தினான்! அரபியில கத்தினா நாம யாரும் குதிக்க மாட்டோம்னு அவனுக்குத் தெரியும்."

அறையே சிரித்தது. ஷெஹாத்தா எழுந்து நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"ஹெல்ப்—"

"நீ இல்லடா. உன் வாய்ல நம்ம ஹெல்பாதான் வருது. அப்லா சொல்லட்டும்."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். இரண்டு உதடும் ஒட்டிப் பிரிய, கடைசி எழுத்து ஒரு சின்னக் காற்றாக வெடித்தது. ஷெஹாத்தாவின் கை பிடரிக்குப் போயிற்று.

அன்று வண்டியில் கிளாஸ் இல்லை. மடித்த துண்டு மட்டும் இருந்தது, நடுவில் வட்டமாக ஈரக்கறையோடு. இடது கதவைத் திறந்துவிட்டார். வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பாலத்தின் நடுவில் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். அவள் இருந்த பக்கத்தை அல்ல.

"கேக்குறாங்க அப்லா," என்றார். "இத்தனை வருஷம் உசுருக்குக் கத்தினவங்களுக்கு வெந்தயத் தண்ணி வச்சிட்டு இருந்திருக்கேன். யாராவது ஹெல்ப்னு கேட்டா இங்கிலீஷ்ல என்ன பதில் சொல்லணும்? அதை மட்டும் சொல்லிக்கொடுங்க. 'நோ ப்ராப்ளம்' வேண்டாம். அதை அன்னைக்கே சொல்லிட்டேன்."